குறட்டை டொக்டர்

முதல் கேள்வியே அதுதான். பெயர், வயது, ஊர் எல்லாவற்றையும் தாதி எழுதி மேசையில் வைத்திருப்பார். டொக்டர் அதைத் தொடக்கூட மாட்டார். வந்தவரை நிமிர்ந்து பார்த்து, "பக்கத்தில படுக்கிறது ஆரு?" என்று கேட்பார்.

மட்டக்களப்பில் ஒரு பெண் டொக்டர், வரிசையில் சனம் நிற்கும்போது, நரைத்த ஆம்பிளை ஒருவரிடம் இப்படிக் கேட்டால் என்ன நடக்கும்? களுவாஞ்சிக்குடி கிளினிக்கில் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் குடையையும் எடுத்துக்கொண்டு எழும்பியே போய்விட்டார். வெளியே ஜீப்படியில் நின்ற என்னிடம் வந்தார்.

"உங்கட டொக்டருக்கு மண்டையில ஏதும் பிழையா?"

"இல்ல ஐயா, அவ குறட்டை பாக்கிற டொக்டர்."

"எனக்குக் குறட்டை இல்ல. சும்மா தலையிடிதான்."

"குறட்டை இல்ல எண்டு உங்களுக்கு எப்பிடி ஐயா தெரியும்? நீங்க அந்நேரம் நித்திரையெல்லோ."

மனிதர் என்னை முறைத்துவிட்டுப் போனார். அடுத்த கிழமை மனைவியோடு வந்தார். அந்த அம்மா கதிரையில் உட்கார்ந்தவர் அரைமணித்தியாலம் எழும்பவில்லை. எப்போது குறட்டை தொடங்கும், எந்த இடத்தில் அது அறுந்துபோகும், அப்போது தான் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார், பிறகு அவர் தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வருபவர் மாதிரி எப்படித் திடுக்கிட்டு மூச்சை இழுப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். தபாலதிபர் தன்னைப் பற்றி அல்ல, வேறு யாரோ ஒரு கெட்டவனைப் பற்றிக் கதைப்பதுபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் அம்மா கண்ணைத் துடைத்தார். "இவ்வளவு காலமா ஆரும் என்னட்ட இதக் கேக்கல்ல டொக்டர்" என்றார்.

டொக்டருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை, எழுதினாலும் எங்கள் பக்கத்தில் பலருக்குப் புரியாது. கல்லடியிலிருந்து கரடியனாறு வரைக்கும் அவர் குறட்டை டொக்டர்தான். ஆரம்பத்தில் அந்தப் பட்டம் காதில் விழுந்தால் முகம் சிவக்கும். பிறகு தானே தொலைபேசியில், "ஓம், குறட்டை டொக்டர்தான் கதைக்கிறன்" என்று சொல்லப் பழகிக்கொண்டார்.

நான் அவருடைய ஜீப் ஓட்டுநர். அவருடைய ஆராய்ச்சி எனக்குப் புரிந்தது எந்த அளவுக்கு என்றால், நித்திரையில் சிலருக்குத் தொண்டை அடைபட்டு மூச்சு நின்றுவிடும், உடம்பு பயந்துபோய் உலுப்பி எழுப்பும், மீண்டும் அடைபடும். இரவு முழுக்க இப்படிப் போராடிவிட்டுப் பகலில் தலையிடி, களைப்பு, கண் சொருகல் என்று அலைவார்கள். பிறகு இரத்த அழுத்தம், இருதயம் என்று ஒவ்வொன்றாக வரும். நோய்க்காரனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் பக்கத்தில் படுப்பவர் மட்டும்தான்.

இளம் வயதில் அவர் நெல் ஆலைகளில் வேலை செய்பவர்களின் நெஞ்சைத்தான் ஆராய்ந்தாராம். உமித்தூசு, அடுப்புப் புகை, ஓயாத இருமல். ஒருநாள் ஆலைத் தொழிலாளி ஒருவரின் மனைவி, "இருமல் பரவாயில்ல டொக்டர். ராவையில மூச்ச விட்டிற்று எங்கயோ போயிற்று வாறார், அதுதான் எனக்குப் பயம்" என்று சொன்னாள். அந்தப் பெண் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் டொக்டர் வெளிநாடு போய்ப் படித்தார். அங்கேயே இருக்கச் சொல்லியும் திரும்பி வந்தார். அங்கே நித்திரையை அளக்கப் பெரிய மெசின்கள் இருந்தனவாம். இங்கே அவருக்குக் கிடைத்தவை ஒரு பழைய ஜீப், நான், காத்தான்குடிக் கடையொன்றில் வாங்கிய, சத்தம் பதியும் கசற் பெட்டி ஒன்று.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லும் அந்தச் சில வருடங்களில்தான் அவர் தன் ஆராய்ச்சியை ஆரம்பித்தார். இரவில் யாரையும் பிடிக்க முடியாது. வாவியில் மீன்பிடிப்பவர்கள் இரவில் தோணியில் இருப்பார்கள். வயல் வட்டையில் வேளாண்மை நிற்கும் காலத்தில் கமக்காரர்கள் இரவெல்லாம் யானைக்குக் காவல். ஆகவே அவர் பகல் நித்திரையைப் பிடித்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் பாயில் சரிபவரின் தலைமாட்டில் கசற் பெட்டியை வைப்பது. மனைவி வழக்கம்போலப் பக்கத்தில் இருப்பது. டொக்டரும் நானும் வளவுக்கு வெளியே ஜீப்புக்குள் வேர்த்துக்கொண்டு காத்திருப்பது.

முதல் பரீட்சை என் மேல்தான் நடந்தது. "உங்கட மூக்குச் சத்தம் எனக்கு ஸ்டியரிங்கில இருக்கக்குள்ளயே கேக்குது தம்பி" என்றார். கல்லடியில் கடற்கரைப் பக்கமாக இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு மத்தியானம் வந்தார். என் மனைவி தவமணி பாரைமீன் குழம்பு வைத்திருந்தாள். டொக்டர் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டார். அதற்குப் பிறகு நான் படுத்தேன். டொக்டர் தவமணியிடம், "தங்கச்சி, நீங்க பக்கத்தில சும்மா இருங்க. அவர் என்ன சத்தம் போட்டாலும் தொடாதீங்க" என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு வெளியே போனார்.

நான் எழும்பியபோது டொக்டர் முன் விறாந்தையில் கசற்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டு சிரித்தார். முதலில் கடற்காற்று. பிறகு என் குறட்டை, வெட்கக்கேடு, மரம் அரிகிற சத்தம்தான். அது ஏறி ஏறிப் போய் ஓரிடத்தில் அறுந்தது. உடனே வளையல் சத்தம். தவமணியின் குரல், மிக மெதுவாக:

"இஞ்சருங்க. அங்கால திரும்பிப் படுங்க. ஆக்கள் கேக்கப் போறாங்க."

பிறகு பாய் உரசும் சத்தம். பிறகு என் மூச்சு நல்ல பிள்ளையாக ஓடியது. கசற் முழுக்க இப்படியே. குறட்டை தொடங்கும், தவமணி திருப்புவாள், அமைதி.

"தங்கச்சி, நான் தொடாதீங்க எண்டு சொன்னனெல்லோ."

"தொடல்லயே டொக்டர்."

"இது ஆருட வளையல்?"

தவமணி கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்தாள். "எனக்குத் தெரியாது டொக்டர். கை தானாப் போயிரிக்கு."

"ஆரு கேக்கப் போறாங்க? இப்ப சண்டையும் இல்ல, பட்டப்பகல்."

தவமணி எழும்பி அடுப்படிக்குப் போனாள். பதிலை நான் டொக்டருக்குப் பிறகு ஜீப்பில் சொன்னேன். சண்டை நடந்த வருடங்களில் ராவையில் ஒழுங்கையால் சப்பாத்துச் சத்தம் போகும். யாருடைய சப்பாத்து என்று கேட்க முடியாது. எந்தப் பக்கத்தவரானாலும் வீட்டுக்குள் இளம் ஆம்பிளை ஒருவன் இருக்கிறான் என்று தெரியாமல் இருப்பது நல்லது. விளக்கை அணைக்கலாம், செருப்பை உள்ளே எடுத்து வைக்கலாம். குறட்டையை என்ன செய்வது? எங்கள் பெண்கள் அதையும் பழகிக்கொண்டார்கள். தாங்கள் நித்திரையாகவே இருந்துகொண்டு, குறட்டை தொடங்கினால் கையை நீட்டிப் புருசனைத் திருப்பிவிடுவார்கள். சமாதானம் வந்த பிறகும் அந்தக் கைகளுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

டொக்டர் அந்தக் கசற்றை எடுத்து முதலிலிருந்து திரும்பவும் ஓட விட்டார்.

பிறகு போன வீடுகளிலெல்லாம் இதே கதை. வாவிக்கரையிலும் சரி, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் குடிசை வாடிகளிலும் சரி, தொடமாட்டோம் என்று தலையை ஆட்டிய பெண்கள் கசற் ஓடத் தொடங்கியதும் திருப்பினார்கள். சிலர் வாயைப் பொத்தினார்கள். ஒருத்தி தலையணையைத் தூக்கி வைத்தாள். ஏறாவூரில் ஒரு வயதான மனிசி, புருசனின் மூக்கைப் பிடித்துவிட்டு, "நான் ஒண்டும் செய்யல்ல மகள்" என்று சத்தியம் செய்தார். மூச்சு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அளக்க வேண்டிய இடத்தில் மூச்சு நிற்கவே விடாமல் செய்தார்கள்.

"என்ட ஆராய்ச்சிய உங்கட பொஞ்சாதிமார் நாசமாக்கிப் போடுவாங்க" என்று டொக்டர் என்னைத் திட்டுவார். ஏதோ ஊர்ப் பெண்கள் எல்லோரையும் நான்தான் பயிற்றுவித்தேன் என்பதுபோல.

சுத்தமாகக் கிடைத்த கொஞ்சக் கசற்றுகளை அவர் கல்லடியில் தன் வாடகை வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்தார். பழுதானவற்றில் திரும்பப் பதியலாம் என்று ஆஸ்பத்திரி அறைக்கு அனுப்பினார், கசற்றுக்குக் கூடக் காசு கேட்டு எழுத வேண்டிய நிலைமை. ஆனால் திரும்பப் பதிவதற்கு நான் எடுக்கப் போனால் விடமாட்டார். "அது இருக்கட்டும் தம்பி. பிறகு பாப்பம்." அப்படியே ஒரு பெரிய பால்மா டின் நிறைந்துவிட்டது. நோய்க்காரர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்பதில் கண்டிப்பானவர், யாருக்கும் போட்டுக்காட்ட மாட்டார். காதில் வயரைக் கொழுவிக்கொண்டு ஜீப்பின் முன் ஆசனத்தில் கண்ணை மூடியபடி தனியாகக் கேட்பார். எனக்கு அவருடைய உதடுகள் மட்டும்தான் தெரியும். அவை சிலவேளை அசையும். திரும்பிப் படுங்க, திரும்பிப் படுங்க என்று கூடவே சொல்லுவார்.

கண்ணை மூடுவாரே தவிர, அவர் நித்திரை கொண்டு நான் பார்த்ததில்லை. எவ்வளவு தூரம் போனாலும், எவ்வளவு வெயிலானாலும், விழித்தபடி வருவார். பின்னால் இருக்கும் தாதிமார் தூங்கி விழுவார்கள். "பெரியவக்கு மூக்கில சதை வளந்திரிக்கு. சின்னவ வாயால மூச்சு விடுறா" என்று அறிக்கை வாசிப்பார்.

ஒருநாள் மண்முனையில் பாதைக்குக் காத்திருந்தோம். வாவியைக் கடக்க வாகனம் ஏற்றும் மிதவையை நாங்கள் பாதை என்போம். அது அக்கரையில் நின்றது. எனக்கு நாக்கு சும்மா இருக்காது.

"டொக்டர், ஊரெல்லாம் கேக்கிறீங்க. உங்களுக்குப் பக்கத்தில படுக்கிறது ஆரு?"

கேட்டபிறகுதான் பயம் வந்தது. அவர் கலியாணம் செய்யாதவர். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் வாவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தம்பி படுத்தவன். சின்னனில. அவனுக்குத் தொய்வு. மூச்சு இழுக்கத் தொடங்கினா அம்மாக்கு முதல் எனக்குத்தான் கேக்கும். எழுப்பி இருத்திப் போட்டு முதுகத் தடவுவன். மாமரத்தால விழுந்து மூக்கு உடைஞ்சவன், அதால மூச்சு வெளியால வரக்குள்ள சின்னதா ஒரு விசில் வரும். அந்த விசில் கேட்டாத்தான் நான் படுப்பன்."

"இப்ப எங்க டொக்டர்?"

"டியூசனுக்குப் போனவன். வரல்ல."

யார் கொண்டுபோனது என்று நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அதைக் கேட்கும் வழக்கம் இல்லை. பாதை வந்தது. ஜீப்பை ஏற்றினேன்.

அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமை டொக்டர் கரடியனாற்றுக்குப் போகவேண்டும் என்று நின்றார். யேசு பிறந்த நத்தாருக்கு அடுத்த நாள், லீவு நாள். ஆனால் வேளாண்மைக் காவல் காலம், காவல்காரர்கள் பகலில் நித்திரை கொள்வார்கள், விடமாட்டேன் என்றார். எனக்குக் கடுப்புத்தான். தவமணி தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மகளுக்கு அப்போது நாலு வயது. பாலர் பள்ளி லீவுக்காகத் தவமணியின் அக்கா அவளைக் களுவாஞ்சிக்குடிக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். நாங்கள் இரண்டு பக்கச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி வட்டைக்குள் இறங்கிக் கசற் பெட்டியை வைத்துக்கொண்டிருக்கும்போது, சைக்கிளில் ஒருவர் வந்து, "கடல் ஊருக்குள்ள வந்திற்றாம்" என்றார். கடல் எப்படி ஊருக்குள் வரும் என்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். அந்தச் சண்டை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பட்டணத்துக்கு வந்தபோது கல்லடிப் பாலத்தால் சனம் நடந்து வந்துகொண்டிருந்தது. நான் மட்டும் எதிர்த் திசையில் நடந்தேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. தவமணி கிடைக்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்த எல்லோரையும் டொக்டர் எனக்கு முதலே பார்த்து வைத்திருந்தார். நான் வாசலில் வந்து நின்றால் தலையை ஆட்டுவார், இல்லை என்று. அந்தத் தலையாட்டலுக்காகவே பலநாள் போய் நின்றேன்.

டொக்டரின் வீட்டையும் கடல் எடுத்துவிட்டது. அலுமாரியோடு நல்ல கசற்றுகள் எல்லாம் போயின. அவர் பள்ளிக்கூடங்களில் அகதியாக இருந்த சனத்துக்குள் இறங்கிவிட்டார். நனைந்த நெஞ்சுகள், உப்புத் தண்ணீர் போன சுவாசப்பைகள், சேறு குடித்த பிள்ளைகள். ஒரு மண்டபத்தில் நூறு பேர் வரிசையாகப் படுத்திருப்பார்கள். ஆனால் அவருடைய அந்தக் கேள்வியை அவர் கேட்கவில்லை. "பக்கத்தில" என்று வாய் தொடங்கும், அப்படியே நின்றுவிடும். பிறகு, "இருமல் இரிக்கா?" என்பார்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். மகள் களுவாஞ்சிக்குடியில் பெரியம்மாவோடுதான் வளர்ந்தாள். நான் கிழமைக்கு ஒருக்கால் போவேன். ஒருநாள் என் மடியில் இருந்துகொண்டு கேட்டாள்.

"அப்பா, அம்மா எப்பிடிக் கதைக்கிற?"

நான் சொல்லிப் பார்த்தேன். தவமணி மாதிரி, "இஞ்சருங்க" என்று சொன்னேன். பிள்ளை சிரித்துவிட்டு, "அது அப்பாட குரல்" என்றாள். பெரியம்மா சொல்லிப் பார்த்தார். "அது பெரியம்மாட குரல்." கலியாணப் படம் ஒன்று பெரியம்மா வீட்டில் இருந்தது, முகத்தைக் காட்டலாம். குரலை எங்கே காட்டுவது? எனக்கே அது மெல்ல மெல்ல அழிந்துகொண்டு வந்தது. அதுதான் எனக்குப் பெரிய பயம். தவமணி போனதை விட, போனவளின் குரலும் என்னை விட்டுப் போவது.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் அந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. பாரைமீன் குழம்பு. வளையல். பழுதான கசற்.

டொக்டரிடம் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "டொக்டர், என்ட குறட்டை" என்றேன்.

"டின் இரிக்கு தம்பி" என்றார். அவ்வளவு நாளும் இதற்காகக் காத்திருந்தவர் மாதிரி உடனே சொன்னார். "சாமான் அறையில, சேலைன் பெட்டிகளுக்குப் பின்னால. ஆனா மழை ஒழுகின அறை. உள்ளுக்க எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது. தனியப் போய்ப் பாக்க எனக்குப் பயமா இருந்த."

இரண்டு பேரும் போய்த் தேடினோம். டின்னின் வெளிப்பக்கம் கறள் பிடித்திருந்தது. மூடியை அவர்தான் திறந்தார். உள்ளே காய்ந்து இருந்தது. என் கசற் அடியில் கிடந்தது, முதல் பழுது அல்லவா. டொக்டர் அதைப் பெட்டியில் போட்டார். வயரை என் காதில் கொழுவினார். கடற்காற்று. என் குறட்டை. அது அறுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

வளையல் சத்தம் வந்ததும் நான் அந்த சேலைன் பெட்டிகளுக்கு மேலேயே இருந்துவிட்டேன். டொக்டர் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றார், யாரையும் உள்ளே விடவில்லை.

கசற் பெட்டியையும் சேர்த்துத் தந்தார். களுவாஞ்சிக்குடியில் மகளுக்குப் போட்டேன். என் குறட்டையைக் கேட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் அம்மாவின் குரல் வந்தது. சிரிப்பை நிறுத்திவிட்டுத் தலையைச் சரித்துக் கேட்டாள். திரும்பவும் போடச் சொன்னாள். திரும்பவும்.

"அம்மா ஏன் அப்பா மெதுவாக் கதைக்கிறா?"

"அப்ப எல்லாரும் அப்பிடித்தான் கதைச்ச புள்ள."

இந்தக் கதை எப்படியோ வெளியே போய்விட்டது. என் வாயால்தான் என்று டொக்டர் சொல்லுவார், நான் இல்லை என்பேன். வாவிக்கரையால் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனைவியை இழந்த ஆம்பிளைகள். கடலுக்கு அஞ்சாதவர்கள், அறை வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "டொக்டர், என்ட குறட்டை இரிக்காமே" என்று கேட்டு நின்றார்கள். புருசனை இழந்த இரண்டொரு பெண்களும் வந்தார்கள். அவர்களுக்குக் குறட்டையே போதும்.

தலைநகரிலிருந்து டொக்டரின் மேலதிகாரி, பெரிய பேராசிரியர், வந்தார். மிஞ்சியிருப்பவை இவை மட்டும்தான், ஆராய்ச்சிக்குச் சொந்தமானவை, கொடுத்துவிட்டால் இத்தனை வருட வேலையும் போய்விடும் என்று நியாயமாகத்தான் சொன்னார். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது டொக்டர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நித்திரை கொண்டவங்கட்டத்தான் சேர் நான் சம்மதம் வாங்கின. இதில இரிக்கிறது பக்கத்தில இருந்தவங்கட சத்தம். அவங்கட்ட நான் கேக்கவே இல்ல. இனிக் கேக்கவும் ஏலா."

டின் காலியானது. அதோடு அவருடைய ஆராய்ச்சியும் முடிந்தது. காசு நின்றது, கட்டுரை வரவில்லை, அவரோடு படித்தவர்கள் பெரிய பெரிய கதிரைகளுக்குப் போனார்கள். அவர் இருமல் கிளினிக் நடத்தினார். தனியாக வரும் குறட்டைக்காரர்களுக்குச் சட்டையின் முதுகுப் பக்கத்தில் பை தைத்து, அதற்குள் விளாங்காய் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுக்கச் சொல்லிக் கொடுத்தார். மல்லாந்து படுத்தால் குத்தும், தானே திரும்பிவிடுவார்கள். "பொஞ்சாதி இல்லாட்டி விளாங்கா" என்று சிரிப்பார். நானும் அப்படி ஒரு சட்டை வைத்திருந்தேன். விளாங்காய் நன்றாகத்தான் திருப்பும், ஆனால் கதைக்காது.

இப்போது அவர் இங்கே இல்லை. ஓய்வு வயதுக்கு முதலே எழுதிக் கொடுத்துவிட்டுக் கனடாவில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டார். போகும்போது விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டினேன். அதன் பிறகு ஒரு கதையும் இல்லை. பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் முன் ஆசனத்தைப் பார்க்கிறேன். அவரை நினைத்தால் எனக்கு வரும் படம் கிளினிக் மேசையும் இல்லை, கசற் பெட்டியும் இல்லை. சண்டை திரும்பவும் தொடங்கி ஒரேயடியாக முடிந்த வருடத்தில் வவுனியாவிலிருந்து திரும்பி வந்த பயணம்.

வன்னியிலிருந்து வந்த சனத்தை அங்கே முகாம்களில் வைத்திருந்தார்கள். டொக்டர்மார் தேவை என்று கேட்டபோது இவர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். அவருடைய தம்பியை வன்னியில் எங்கோ கண்டதாக யாரோ பல வருடங்களுக்கு முன் சொல்லியிருந்தார்களாம். அதை எனக்கு அவர் சொன்னது போகும் வழியில்.

"முகம் மாறியிருக்கும் தம்பி. பெயரையும் மாத்தியிருப்பான். ஆனா மூக்கு உடைஞ்சது உடைஞ்சதுதான். அந்த விசில் மாறாது."

காலையில் கூடாரம் ஒன்றில் கிளினிக். சனம் ஒடுங்கிப்போய் வந்து நின்றது, நெஞ்சு பார்த்தார், மருந்து கொடுத்தார். மத்தியான வெயிலில் எல்லோரும் கூடாரங்களுக்குள் சரிந்துவிடுவார்கள். அந்த நேரத்தில் டொக்டர் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்போடு எழும்புவார். வெள்ளைக் கூடாரங்களுக்கு நடுவே, ஒவ்வொன்றின் பக்கத்திலும் கொஞ்சம் நின்று, தலையைச் சரித்து, அடுத்ததற்குப் போவார். டொக்டர் என்பதால் யாரும் மறிக்கவில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். குடை நிழல் அவர்மேல் விழுகிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது. அவ்வளவு மூச்சுகளை நான் ஒருசேரக் கேட்டதில்லை. இருமல், முனகல், பிள்ளைகளின் சளிச் சத்தம். குறட்டை மட்டும் அபூர்வம். தொடங்கிய இடத்திலேயே யாரோ ஒரு கை அதை நிறுத்திவிடும். அந்தக் கைகளுக்கும் சண்டை முடிந்ததை யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஓரிடத்தில் அவர் நின்றுவிட்டார். நானும் கேட்டேன், மெல்லிய ஒரு விசில். டொக்டர் என் குடைக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கூடாரத் துணியை விலக்கியபோது உள்ளே ஒரு கிழவர் கிடந்தார், எழுபது வயதிருக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டை அவருக்கு விசிறிக்கொண்டிருந்தாள். டொக்டர் குனிந்து அவருடைய நெஞ்சைப் பார்த்தார், மருந்து எழுதினார். வெளியே வந்து அடுத்த கூடாரத்துக்குப் போனார்.

கிழமை முடிந்து ஜீப்பில் ஏறினார். "போவம் தம்பி" என்றார். ஜீப்பைக் கிளப்பினேன்.

ஹபரணை தாண்டியிருப்போம். நல்ல வெயில், காட்டுப் பாதை. பக்கத்திலிருந்து ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். டொக்டர் நித்திரை. இத்தனை வருடத்தில் முதல் தரம். தலை பின்னால் சாய்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, குறட்டை விட்டார். என் குறட்டைக்குக் குறையாத குறட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது, மகளுக்குப் போய்ச் சொல்லவேண்டும் என்று நினைத்தேன்.

அப்போது அது அறுந்தது.

நான் காத்திருந்தேன். வரவில்லை. நெஞ்சு அசைகிறது, மூச்சு வரவில்லை. பிறகு திடுக்கிட்டு இழுத்தார், கண் திறக்கவில்லை, மீண்டும் குறட்டை, மீண்டும் அறுந்தது. ஊருக்கெல்லாம் பார்த்த நோய். இவ்வளவு காலமும் ஒரு வீட்டில் தனியாக இப்படித்தான் படுத்திருக்கிறார். சொல்ல ஒரு ஆள் இல்லை. அவருடைய கேள்வியை அவரிடம் கேட்க ஒரு டொக்டரும் இல்லை.

ஜீப்பை மெதுவாக்கினேன். தொடுவதற்கு எனக்குக் கை வரவில்லை, அவர் டொக்டர், நான் ஓட்டுநர். என்ன செய்வது என்று எனக்குத் தெரியும், எப்படிச் செய்வது என்றுதான் தெரியவில்லை. கடைசியில் அவர் பக்கம் கொஞ்சம் சரிந்து, தவமணி சொல்லும் அதே மெதுவில் சொன்னேன்.

"இஞ்சருங்க டொக்டர். அங்கால திரும்பிப் படுங்க."

அவர் நித்திரையிலேயே, சின்னப் பிள்ளை மாதிரி, யன்னல் பக்கம் திரும்பினார். மூச்சு வந்தது. ஆக்கள் கேக்கப் போறாங்க என்ற மிச்சமும் என் வாய் வரை வந்தது. இனிக் கேட்க யாருமில்லை என்று அதை நிறுத்திக்கொண்டு, வாழைச்சேனை வரும் வரைக்கும் ஹோர்ன் அடிக்காமல் ஓட்டினேன்.